மூன்று மணிச் சலிப்பு: செக்கிங் டேபிளில் உட்காருகிறவர்களுக்கும் உட்கார வைக்கிறவர்களுக்கும்

மதியம் மூன்று மணி இருக்கும். தைத்து வந்த டீ-சர்ட்டுகளில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளின் கோடியில் உட்கார்ந்திருந்த பெண் 'ஃப்ரெஷ்' (குறையில்லாதது) என்று அடுக்கி வைத்ததிலிருந்து 20 பீஸை உருவி நான் மறுபடி பார்த்தேன். நாலில் ஊசி ஓட்டை. ஒன்றில் கழுத்து ரிப் தையல் விட்டுப்போய், விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. காலையில் இதே பெண் கடுகளவு எண்ணெய்க் கறையைக்கூட விடவில்லை. "கண்ணு எங்க வெச்சிருக்கற?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

அவளுக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு அக்கா. 14 வருடமாகச் செக்கிங்தான். அதே டீ-சர்ட், அதே டியூப்லைட், அதே சம்பளம். மூன்று மணிக்கும் அவர் கை காலையில் போன மாதிரியே போகும். ஒருநாள் கேட்டேன்: "ஏனுங்க்கா, உங்களுக்குச் சலிச்சே போகாதுங்களா?" அவர் கையிலிருந்த பீஸை விளக்குக்கு நேராகத் தூக்கினார். "இந்தத் தோள் தையலப் பாருங்க. முடிக்கற இடத்துல லேசா இழுத்து விட்டிருக்குது. மூணாவது லைன்ல தாடி வெச்சவரு. ரெண்டு நாளாத்தான் இப்படி இழுக்கறாரு, ஊட்டுல ஏதோ சரியில்லைங்க." எனக்கு டீ-சர்ட்டாகத் தெரிந்தது அவருக்கு ஆளாகத் தெரிந்திருக்கிறது. ஒரு ஷிப்டில் 400 பீஸ் பார்க்கிறார் என்றால் 400 தடவை யாரோ ஒருவரின் கையைப் பார்க்கிறார்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எனக்கு 19 வருடம் ஆகிறது. கைமடியாக (துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாக) சேர்ந்து, செக்கிங் பார்த்து, இப்போது சூப்பர்வைசர். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு வரும் சலிப்பை எப்படிக் கையாளுவது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பேக்கிங், டேட்டா என்ட்ரி, கணக்கு எழுதுவது என்று எதில் இருப்பவருக்கும் இது உதவும். உதாரணம் மட்டும் எனக்குத் தெரிந்த டேபிளிலிருந்தே வரும்.

என்ன என்று முதலில் பிரியுங்கள்

"போர் அடிக்குதுங்க" என்று ஒருவர் சொன்னால் அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கலாம்: அசதி, சலிப்பு, வெறுப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு. மாற்றிக் கொடுத்தால் நோய் கூடும்.

அசதி உடம்பில் இருக்கிறது. இடுப்பு பிடிக்கும், கண் எரியும், பாதம் வீங்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்குப் போய்ச் சமைத்து, விடிகாலை தண்ணீர் பிடிக்க எழுந்தவருக்கு வருவது இதுதான். சலிப்பு வந்தவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும், நேரம்தான் நகராது. கடிகாரத்தைப் பார்ப்பார், அரை மணி ஆகியிருக்கும் என்று நினைத்தால் ஏழு நிமிஷம் ஆகியிருக்கும்.

பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் வழி சுலபமானது. நடுவில் ஒரு புது ஸ்டைலைக் கொண்டுவந்து டேபிளில் போடுவேன். கோடு போட்ட போலோவோ, குழந்தைகள் ஃபிராக்கோ, ஏதோ ஒன்று. சலிப்பில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து துணியைத் தடவிப் பார்ப்பார். அசதியில் இருந்தவர் "இது வேறயா" என்று பெருமூச்சு விடுவார். அவருக்கு வேண்டியது ஓய்வு. அவரிடம் போய் வேலையை ரசித்துச் செய்வது பற்றிப் பேசினால் அது அநியாயம்.

வெறுப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு வாரம் கோடு போடுங்கள்

ஒரு துண்டு அட்டை போதும். ஒவ்வொரு முறை கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும்போதும் மணியை எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அட்டையை எடுத்துப் பாருங்கள். நான் செக்கிங்கில் இருந்தபோது போட்ட அட்டையில் காலை பத்தைச் சுற்றியும் மதியம் மூன்றைச் சுற்றியும் கோடுகள் குவிந்து கிடந்தன. பதினொரு மணி டீக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றுமே இல்லை, சாயங்காலம் ஐந்துக்கு மேலும் இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1920-களிலும் 30-களிலும் இங்கிலாந்தில் வயட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் தொழிற்சாலைகளில் இதையே வேலையாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சோப்புக்குத் தாள் சுற்றுகிறவர்கள், கைக்குட்டை மடிக்கிறவர்கள் எல்லாம் அவர்கள் கவனித்த ஆட்களில் உண்டு. கைக்குட்டை மடிப்பது என்று படித்ததும் எங்கள் கைமடிப் பெண்கள்தான் கண்ணில் வந்தார்கள். அவர்கள் கண்டதும் இதுவே: ஒரு வேளைக்குரிய வேலையின் நடுப்பகுதியில் சலிப்பு உச்சத்துக்குப் போகிறது, முடியும் நேரம் நெருங்கும்போது தானாகத் தணிகிறது. நடுவில் சின்ன ஓய்வு, வேலையில் ஒரு மாற்றம், செய்கிற அளவுக்குக் கூலி, பக்கத்தில் பேச நாலு பேர், வேலையைச் சிறு சிறு முழு வேலைகளாகப் பிரித்துக்கொள்வது: இவை இருந்த இடத்தில் சலிப்பு குறைந்திருக்கிறது.

சரக்கைச் சரிபார்க்கும் வேலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 1948-இல் நார்மன் மேக்வொர்த் தம் ஆய்வை வெளியிட்டார். ரேடார் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் விமானப்படை ஆட்களின் கவனம் எப்படித் தளர்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு வட்டத்தில் முள் நொடிக்கு ஒருமுறை நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டையாகத் தாவும். தாவினால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. முதல் அரை மணி தாண்டியதுமே தவறவிடுவது கூடிவிட்டது. எங்கள் ஊசி ஓட்டையும் அந்த இரட்டைத் தாவல் மாதிரிதான். எப்போதாவதுதான் வரும். கண் திறந்திருக்கும், பீஸைத் திருப்புவதும் சரியாக நடக்கும், ஓட்டை மட்டும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் நான் கத்திய அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் கத்தியிருக்க மாட்டேன், அரை மணி ஆகும் முன்பே அவள் கையில் அளவு டேப்பைக் கொடுத்து வேலையை மாற்றியிருப்பேன்.

ஆகவே அட்டையில் கோடு எங்கே குவிகிறதோ அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் மாற்றத்தை வையுங்கள். சலிப்பு வந்த பிறகு எழுந்து நடந்தால் திரும்பி வந்து உட்காரவே மனம் வராது.

ஆள் எப்படி என்று பாருங்கள்

இதில்தான் நான் நிறையத் தப்பு செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாற்றி மாற்றி வேலை கொடுத்தால் சலிப்பு வராது என்று படித்ததும் உற்சாகம் வந்துவிட்டது. டேபிளில் இருந்த எட்டுப் பேருக்கும் அட்டவணை போட்டேன். ஒரு மணி செக்கிங், அரை மணி பிசிர் வெட்டுவது, பிறகு அளவு பார்ப்பது, பிறகு மறுபடி செக்கிங். ஐந்து பேருக்குப் பிடித்தது. இருவர் சரி என்று இருந்தார்கள். 14 வருட அக்கா மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அவருக்குச் செக்கிங் என்பது ஒரே ஓட்டமாகப் போகிற ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை நான் அதை அறுத்துவிட்டேன். மறுநாளே அவரை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜெர்மனியிலிருந்து போய் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க் 1913-இல் இதே மாதிரி ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். தொழிற்சாலைகளுக்குப் போனால் எது மிகச் சலிப்பான வேலை என்று கேட்டு அந்த ஆளைப் போய்ப் பார்ப்பாராம். அப்படிப் பார்த்தவர்களில் ஒரு பெண், பல்புகளை மெல்லிய தாளில் சுற்றி வைக்கிறவர். ஒரு நாளைக்குச் சுமார் 13,000 பல்பு, 12 வருடமாக. அவரோ வேலை சுவாரசியமாகவே இருக்கிறது என்றாராம். ஒவ்வொரு தடவையும் பல்பும் தாளும் கைக்கு வேறு மாதிரி வருகிறதாம். பார்வைக்குப் பலவகையாக இருந்த வேலையில் இருந்துகொண்டு சலிக்கிறது என்று புலம்பியவர்களையும் அவர் கண்டிருக்கிறார். வேலையை மட்டும் பார்த்து ஆளின் மனதைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு ஆய்வு எங்கள் தொழிலிலேயே நடந்தது. பட்ரீசியா ஸ்மித் 1955-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு பின்னலாடை ஆலையில் திரும்பத் திரும்ப ஒரே வேலை செய்த 72 பெண்களை விசாரித்திருக்கிறார். எளிதில் சலிப்படைகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், அன்றாடப் பழக்கங்களிலும் ஓய்வு நேரத்திலும் ஓரிடத்தில் நிலைகொள்ளாதவர்கள், வீட்டிலோ ஆலையிலோ மன நிறைவு இல்லாதவர்கள். சலிப்படையாதவர்கள் இருப்பதில் நிம்மதியாக இருக்கிறவர்கள். இதைப் படித்த நாளிலிருந்து, புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறேன். "தலைக்கு ஊத்திட்டு, கறி ஆக்கித் தின்னுட்டுத் தூங்குவனுங்க" என்கிறவர் செக்கிங்கில் நிலைத்துவிடுவார். "ஊட்டுல இருக்கவே பிடிக்காதுங்க, எங்கயாச்சும் கெளம்பிருவேன்" என்கிறவரை ஒரே இடத்தில் நட்டு வைத்தால் நான்கு மாதத்தில் போய்விடுவார். அவருக்குப் பீஸ் எடுத்துக் கொடுப்பது, லைனுக்கும் டேபிளுக்கும் நடப்பது, ஆல்ட்ரேஷன் பீஸை (குறையைச் சரிசெய்ய வேண்டியதை) திருப்பிக் கொண்டுபோய் டெய்லரிடம் காட்டி வாங்குவது என்று கால் ஓடுகிற வேலை வேண்டும்.

உங்களையே நீங்கள் பார்க்க இரண்டு மூன்று கேள்விகள் போதும். தினமும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தால் நிம்மதியா, எரிச்சலா? கை வேலை செய்யும்போது மனம் கதை ஓட்டுமா, பேச்சுத் துணை தேடுமா? முடித்ததை எண்ணிப் பார்த்தால் சந்தோஷமா, மிச்சம் இருப்பது தெரிந்து மலைப்பா?

மனதுக்குள் கதை ஓட்டுகிறவர்களுக்குச் சலிப்பே தெரியாது. ஆனால் செக்கிங்குக்கு அவர்கள் ஆபத்து, கதை ஓடும்போது ஓட்டை ஓடிவிடும். பேக்கிங்கிலும் மடிப்பிலும் அவர்கள் தங்கம். பேச்சுத் துணை வேண்டுகிறவரைத் தனியே சுவரோரம் உட்கார வைக்காதீர்கள், அதே மாதிரி இன்னொருவர் பக்கத்தில் வையுங்கள். பேசட்டும், கை நிற்காது. பாட்டும் நல்லதுதான், தெரிந்த பழைய பாட்டாக இருந்தால் காது கேட்கும், கண் வேலை செய்யும். செல்போனில் வீடியோ ஓடினால் கண்ணே போய்விடும், அதை நான் விடுவதில்லை.

எதற்காக என்பதைக் கிட்டத்தில் கொண்டுவாருங்கள்

"குடும்பத்துக்காகத்தான் வேலை செய்யறேன்" என்று எல்லாரும் சொல்வோம். அது உண்மை. ஆனாலும் மூன்று மணிக்கு அது கைகொடுப்பதில்லை, அவ்வளவு பெரியதைக் கையில் பிடிக்க முடியாது. பெண்ணின் காலேஜ் ஃபீஸில் இந்த வாரத்துப் பங்கு, 5-ஆம் தேதி கட்ட வேண்டிய சீட்டுப் பணம், அம்மாவின் மூக்குத்தியை அடகிலிருந்து மீட்பது: இப்படி ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் டேபிளில் ஒருவர் அட்டையில் மூக்குத்திப் படம் வரைந்து ஒட்டி, வாராவாரம் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். மீட்ட அன்று அம்மாவையே கம்பெனி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

1992-இல் கரோல் சான்சோனும் அவர் குழுவினரும் செய்த சோதனை எனக்குப் பிடித்தமானது. எழுத்துக்களைப் பார்த்து அப்படியே நகலெடுக்கும் சலிப்பான வேலையைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் இதைச் செய்வதால் உடம்புக்கு ஒரு நன்மை உண்டு என்று சொன்னார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேலையை விடவில்லை, எழுத்தை அழகாக, விதவிதமாக எழுதிப் பார்த்து வேலையைத் தாங்களே சுவாரசியமாக்கிக்கொண்டார்கள். செய்ய ஒரு காரணம் இருக்கும்போது மனம் தானாக வழி தேடுகிறது.

காரணத்தைக் கண்ணால் பார்ப்பது இன்னும் பெரிய விஷயம். ஆடம் கிராண்ட் 2007-இல் எழுதியது ஒன்று: பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கும் ஆட்கள், அந்தப் பணத்தால் படித்த ஒரு மாணவரைச் சில நிமிஷம் நேரில் பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போனில் பேசும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் டீ-சர்ட்டைப் போடுகிற ஜெர்மன்காரரை என்னால் கூட்டிவர முடியாது. அதனால் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும் நாளில் செக்கிங் பெண்களை இரண்டிரண்டு பேராக அழைத்துப்போய் நிற்க வைத்தேன். 5,000 பீஸ் ஆர்டர். சரக்கு வாங்குகிற பையர் தரப்பு ஆள் பெட்டிகளை அங்கங்கே பிரித்து 200 பீஸ் எடுக்கிறார். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல், ஏ.க்யூ.எல்., 2.5. பெரிய குறை 10 வரை இருந்தால் பாஸ், 11 ஆனால் மொத்த சரக்கும் நிற்கும். எட்டாவது குறை வந்தபோது எங்கள் பெண்கள் மூச்சுவிடவில்லை. ஒன்பதோடு நின்றது. அன்று மதியம் மூன்று மணிக்கு டேபிளில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

கூலி பற்றியும் சொல்ல வேண்டும். பீஸ் ரேட் சலிப்பைக் குறைக்கும், அதைத் தையலில் நானே பார்த்திருக்கிறேன். செக்கிங்குக்கு அது ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். எண்ணிக்கைக்குக் காசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருப்புகிற கைதான் ஜெயிக்கும்.

டேபிளில் நாங்கள் செய்வது

பீஸை 20 20-ஆகக் கட்டிக்கொள்கிறோம். 400 என்பது மலை, 20 என்பது படி. ஒவ்வொரு கட்டைத் தொடங்கும் முன்னும் "இதில் எத்தனை ஆல்ட்ரேஷன்" என்று மனதில் ஒரு எண் நினைத்துக்கொள்ளச் சொல்வேன். தப்பைத் தேடுகிற கண் தூங்காது. பார்க்கும் வரிசையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது: கழுத்து, தோள், இரண்டு கை, பக்கத் தையல், அடிமடிப்பு, லேபிள். சலிப்புக்காக இந்த வரிசையைக் கலைத்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். மாற்றம் வேண்டுமா, இடத்தை மாற்றுங்கள், நின்றுகொண்டு பாருங்கள், பக்கத்து ஆளோடு கலரை மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியையே நாள் முழுக்கப் பார்ப்பவருக்கு நடுவில் கருநீலம் வந்தால் கண்ணுக்கு டீ குடித்த மாதிரி இருக்கும்.

வெறுப்பைச் சலிப்பு என்று எண்ணாதீர்கள்

கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருந்தால், எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தால், சம்பளம் ஒருவாரம் தள்ளிப்போனால் வருவது சலிப்பு அல்ல. முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் ஓவர்டைம் காசை மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். டேபிளில் கை தளர்ந்தது. பாட்டுப் போட்டுப் பார்த்தோம், இடம் மாற்றிப் பார்த்தோம். காசு வந்த சனிக்கிழமைக்கு மறு திங்கள் எல்லாக் கையும் பழையபடி ஓடியது. சூப்பர்வைசராக இருப்பவர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆளின் குணத்தை ஆராய்வதெல்லாம் இதற்குப் பிறகு.

நான் கத்திய பெண் புதன்கிழமை வந்தாள். டீ நேரத்தில் அவளைத் தனியே கூப்பிட்டு, "அன்னைக்கு நான் பேசுனது தப்பு கண்ணு" என்றேன். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைக் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவின் தையல் மெஷினில் பழைய துணியை வைத்து ஏதாவது தைத்துக்கொண்டிருப்பாளாம். பீஸைப் பார்க்கும்போதெல்லாம் "இத நான் தைச்சிருந்தா எப்படித் தைச்சிருப்பேன்" என்றுதான் தோன்றுமாம். அவள் மனம் டேபிளில் இல்லை, லைனில் இருந்தது. மேனேஜரிடம் பேசி, சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அரை மணி காலியாக இருக்கும் ஓவர்லாக் தையல் மெஷினில் வேஸ்ட் துணி ஓட்ட அனுமதி வாங்கினேன். அந்த அரை மணி இருக்கிறது என்று தெரிந்ததும் மூன்று மணி ஓட்டைகளும் குறைந்துவிட்டன. ஏழு மாதம் கழித்து, மாதிரி பீஸ் தைக்கும் சாம்பிள் செக்‌ஷனில் சேர்ந்தாள்.

போன மாதம் அங்கிருந்து ஒரு சைஸ் செட் (ஒரே ஸ்டைலில் ஒவ்வொரு சைஸுக்கும் தைத்த மாதிரி) அளவு பார்க்க எங்கள் டேபிளுக்கு வந்தது. 14 வருட அக்கா தோள் தையலைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவிப் பார்த்தார். "இது நம்ம புள்ள தைச்சதுங்க" என்றார்.